‘ஹோம்லேண்ட்’ 2ஆம் சீசன், 5ஆம் எபிசோட்: ரகசியத்தைப் பாதியிலேயே உடைத்தது சரியா?

இரவுப்பறவை:

முதல் இரண்டு சீசன்களைப் பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள். கதை முழுக்க வெளியே வரும்.

‘கியூ அண்ட் ஏ’ எபிசோடை நேற்று நான்காவது முறையாகப் பார்த்தேன். 2012 அக்டோபர் 28 அன்று ஷோடைம் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. 12 எபிசோட் கொண்ட சீசனில் 5ஆவது. பெரும்பகுதி ஒரு விசாரணை அறைக்குள், ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிறது. துரத்தல் இல்லை, வெடிகுண்டு இல்லை. ஆனாலும் முடிந்தபோது என் கை விரல்கள் இறுகியிருந்தன.

என் கேள்வி இதுதான். எட்டு வருடம் அல்கொய்தாவிடம் பிடிபட்டிருந்து திரும்பி வந்த மரைன் வீரன் பிராடி. அவன் எதிரிகள் பக்கம் மாறிவிட்டான் என்று சிஐஏ அதிகாரி கேரியைத் தவிர யாரும் நம்பவில்லை. முதல் சீசன் முழுக்க இந்த ஒரு நூலில்தான் தொங்கியது. இரண்டாம் சீசன் தொடங்கும்போது பிராடி நாடாளுமன்ற உறுப்பினர், துணை ஜனாதிபதியின் செல்லப்பிள்ளை. தற்கொலைத் தாக்குதலுக்கு முன் அவன் பதிவுசெய்த வாக்குமூல வீடியோ இருக்கும் மெமரி கார்டு பெய்ரூட்டிலிருந்து வந்த ஒரு பையில் கேரியின் குருவான சிஐஏ அதிகாரி சாலுக்குக் கிடைக்கிறது. வேறு எந்தத் தொடராக இருந்தாலும் அந்த கார்டை வைத்தே சீசன் முழுவதையும் ஓட்டியிருப்பார்கள். கைக்கு வரும், தொலையும், யாராவது திருடுவார்கள், கடைசி எபிசோடில் திரையில் ஓடும். இங்கே 3ஆவது எபிசோடில் கேரி அதைப் பார்த்துவிடுகிறாள். 4இல் பிராடியின் தலையில் முகமூடியை மாட்டித் தூக்கிப் போகிறார்கள். 5இல் அவன் உடைந்துபோகிறான்.

எனக்கு இதுதான் இந்தத் தொடரின் மிகத் துணிச்சலான முடிவு. ‘அவன் மாட்டுவானா’ என்ற கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ‘இனி இவனை நம்பலாமா’ என்ற கேள்வியைக் கையில் கொடுத்தார்கள். இரண்டாவது கேள்வி முதலாவதைவிடப் பல மடங்கு பெரியது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய ரேடியோ:

எபிசோடைப் பற்றி நீங்கள் சொல்வது எல்லாம் சரி. சீசனைப் பற்றிச் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

ஐந்தாவது எபிசோடில் பெட்டியைத் திறந்துவிட்டால் மீதி ஏழு எபிசோடை எதை வைத்து ஓட்டுவது? அந்தச் சிக்கல் அப்புறம் தெளிவாகவே தெரிந்தது. பத்தாவது எபிசோடில் துணை ஜனாதிபதி வால்டனின் பேஸ்மேக்கர் வரிசை எண்ணை பிராடி எடுத்துக் கொடுக்கிறான், அதை வைத்து தூரத்திலிருந்தே அவரைக் கொல்கிறார்கள். அதைப் பார்த்தபோது மனம் விட்டுப்போனது. ‘கியூ அண்ட் ஏ’யில் ஒரு மனிதனின் வாயிலிருந்து ஒரு பெயர் வருவதற்கு அவ்வளவு பாடுபட்ட அதே எழுத்துக் குழுதானா இது?

ரகசியத்தை உடைத்தது தவறில்லை. உடைத்த பிறகு என்ன வைத்திருக்கிறோம் என்று யோசிக்காமல் உடைத்தது தவறு. அந்த எபிசோடின் உயரத்துக்கு மீதி சீசன் விலை கொடுத்தது.

நீலக்குடை:

பழைய ரேடியோ, அந்த பேஸ்மேக்கர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் உடைக்காமல் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பாருங்கள். கேரி முட்டாளாகத் தெரிந்திருப்பாள், சால் அதைவிட முட்டாளாக. பார்க்கிறவருக்குத் தெரிந்த உண்மை கதாபாத்திரங்களுக்கு மட்டும் தெரியாமல் இருக்க, எழுத்தாளர்கள் தற்செயல்களை அடுக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும். சரியான நேரத்தில் போன் அடிக்கும், சரியான நேரத்தில் கரண்ட் போகும். எனக்கு அது ஐந்து எபிசோடிலேயே சலித்துவிடும்.

சரி, நான் பேச வந்தது வேறு. கேரி அறைக்குள் வந்ததும் கேமராக்களை அணைக்கிறாளே, அதைத்தான். பலர் அதை ஒரு தந்திரம் என்று மட்டும் பார்க்கிறார்கள். தந்திரம்தான். ஆனால் அடுத்து அவள் செய்வதைக் கவனியுங்கள். பொய் ஒருவனை எப்படித் தின்கிறது என்று பேசிவிட்டு, முதல் உண்மையை அவளே சொல்கிறாள்: நீ உன் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு என்னோடு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. பார், சொல்வது அவ்வளவு கடினமில்லை என்பதுபோல ஒரு பார்வை.

இது தந்திரமா, உண்மையா? நான் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். கேரியாக நடிக்கும் கிளேர் டேன்ஸின் முகத்தில் இரண்டும் இருக்கிறது. தன் உண்மையையே கருவியாக எடுத்துப் பயன்படுத்துகிறாள், பயன்படுத்தும்போது அது அவளையும் கிழிக்கிறது. வெளியே சால் வேறு கவனித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அவள் மகள் மாதிரி. அந்த வாக்கியத்துக்கு அவர் என்ன விலை போட்டிருப்பார்!

மூன்றாம் கண்:

எல்லோரும் கேரியின் பாதியைப் பற்றியே பேசுகிறீர்கள். அவளுக்கு முன் பிராடியை விசாரித்த சிஐஏ ஆள் குவின் செய்ததை யாரும் எடுக்கவே இல்லை.

பிராடி எல்லாவற்றையும் மறுக்கிறான். வெடிகுண்டு அங்கியை அணியவே இல்லை என்கிறான். குவின் அவனை நன்றாகப் பொய் சொல்லவிட்டு, அப்புறம் வீடியோவைப் போட்டுக் காட்டுகிறான். அதுவரை அருமையான விசாரணை. திடீரென்று கத்தியை எடுத்து மேசை மேலிருந்த கையில் குத்துகிறான். கட்டுப்பாடு இழந்துவிட்டானோ என்று நாம் பதறுகிறோம். வெளியே வந்து, நல்ல போலீஸ் வேலை செய்ய ஒரு கெட்ட போலீஸ் வேண்டுமே என்று சாலிடம் சாதாரணமாகச் சொல்கிறான்.

இதுதான் என்னை உறுத்துகிறது. கேரியின் கருணை வெற்றி பெற்றதா, இல்லை கத்திக்குப் பிறகு வந்ததால்தான் கருணை வேலை செய்ததா? எபிசோட் இரண்டாவதைத்தான் சொல்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒபாமா 2009 ஜனவரி 22 அன்று போட்ட ஆணைப்படி ராணுவக் கையேட்டில் உள்ள விசாரணை முறைகளைத் தாண்டி சிஐஏ எதையும் செய்யக் கூடாது. கதை நடப்பது அதற்குப் பிறகு. பிராடி அமெரிக்கக் குடிமகன், நாடாளுமன்ற உறுப்பினர். ஒரு வழக்கறிஞர்கூட இல்லாமல் அடைத்துவைத்துக் கையில் கத்தியை இறக்குகிறார்கள். தொடர் அதை ஒரு கெட்டிக்காரத்தனமாகக் கடந்துபோகிறது.

இந்தத் தொடரை உருவாக்கிய ஹோவர்ட் கார்டனும் அலெக்ஸ் கான்சாவும் ‘24’ என்ற தொடரில் வேலை செய்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அதில் சித்திரவதை செய்தால் உடனே உண்மை வந்து விழும். 2006 நவம்பரில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியின் டீன் பேட்ரிக் ஃபினகன், அனுபவம் மிக்க விசாரணையாளர்களோடு அந்தத் தயாரிப்புக் குழுவை நேரில் சந்தித்து, இதை நிறுத்துங்கள், எங்கள் மாணவர்கள் இதைப் பார்த்துத் தவறாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகும் ஒரு கத்தி தேவைப்பட்டதா?

இரவுப்பறவை:

மூன்றாம் கண், இது நியாயமான கேள்வி. நான் அந்தக் கத்தியை வேறு மாதிரிப் படித்திருந்தேன். குவின் குத்திய பிறகும் பிராடி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தியால் கிடைத்தது ஓர் அலறல் மட்டும்தான். ‘24’இல் அந்தக் கத்தியே பதிலைக் கொண்டுவந்திருக்கும். அதே ஆட்கள் ஆறு வருடம் கழித்து, கத்தி எதையும் தராத ஒரு காட்சியை எடுத்திருக்கிறார்கள். அதனால் எனக்கு இது தங்கள் பழைய வேலைக்கே அவர்கள் கொடுத்த பதில் மாதிரித் தெரிந்தது.

ஆனால் குவின் வெளியே வந்து சொல்லும் அந்த வசனம் என் வாதத்தைப் பலவீனமாக்குகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

கடைசி பெஞ்ச்:

விசாரணை முறைகள் பற்றிக் கொஞ்சம் வாசித்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படைக்காக விசாரணை செய்த ஹான்ஸ் ஷார்ஃப் என்பவர் இருந்தார். பிடிபட்ட அமெரிக்க விமானிகளை அவர் அடித்ததில்லை, மிரட்டிக் கத்தியதும் இல்லை. காட்டுப் பாதையில் கூட்டிக்கொண்டு நடப்பார், பேச்சுக் கொடுப்பார். அவருடைய முக்கிய உத்தி, ‘எனக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும்’ என்ற தோற்றம். விமானியின் படைப்பிரிவைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் கதை மாதிரிச் சொல்லிக்கொண்டே போவார். கேட்டுக்கொண்டிருப்பவர் ஏதோ ஒன்றைத் திருத்துவார், அல்லது ஆமோதிப்பார். தான் ரகசியத்தைக் கொடுத்துவிட்டோம் என்பதே பலருக்குத் தெரியாது. போருக்குப் பிறகு அவர் அமெரிக்காவுக்கே குடிபோய் மொசைக் கலைஞர் ஆனார். ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் மொசைக் சுவர்கள் அவர் செய்தவை. இன்று உளவியல் ஆய்வாளர்கள் ‘ஷார்ஃப் முறை’ என்ற பெயரிலேயே அந்த உத்தியைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

இப்போது கேரி செய்வதைப் பாருங்கள். அவள் கேள்வி கேட்பது குறைவு. பிராடியின் கதையை அவனுக்கே சொல்கிறாள். அல்கொய்தா தலைவன் நசீர் உன்னைத் துண்டு துண்டாகப் பிரித்தான், வலியைத் தவிர எதுவும் மிஞ்சாதபடி செய்தான், அப்புறம் அந்த வலியைத் தானே ஆற்றி, உன்னை வேறொரு ஆளாகச் சேர்த்துவைத்தான். ஈசாவைப் பற்றிச் சொல்கிறாள். பிராடி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த நசீரின் மகன், ட்ரோன் தாக்குதலில் 82 குழந்தைகளோடு சேர்ந்து செத்துப்போன சிறுவன். அந்தத் தாக்குதலுக்குப் பின்னால் வால்டன் இருப்பதையும் அவள் மூடி மறைப்பதில்லை. பிராடிக்கு எஞ்சியிருப்பது ‘ஆமாம்’ என்பது மட்டும்தான்.

மூன்றாம் கண் சொன்ன நெருடல் எனக்கும் உண்டு. அமெரிக்க செனட் உளவுக் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைச் சுருக்கமே 500 பக்கத்துக்கு மேல். கடுமையான விசாரணை முறைகளால் பயனுள்ள தகவல் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் முடிவு. இந்த எபிசோட் வந்தது அதற்கு இரண்டு வருடம் முன்பு. கத்தியை எடுத்துவிட்டாலும் கேரியின் அந்தக் காட்சி அப்படியே நிற்கும் என்று நினைக்கிறேன். அதனாலேயே கத்தி தேவையில்லாமல் போகிறது.

நீலக்குடை:

ஷார்ஃப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இனி அந்தக் காட்சியைப் பழைய மாதிரிப் பார்க்க முடியாது.

கடைசி பெஞ்ச் விட்டுப்போன ஒன்று: டேனாவின் தொலைபேசி அழைப்பு. முதல் சீசன் கடைசியில் பதுங்கு அறைக்குள் வெடிகுண்டு அங்கியோடு நிற்கும் பிராடியை மகளின் குரல்தான் நிறுத்தியது. வீட்டுக்கு வா அப்பா என்றாள், வந்தான். அந்தக் குரலைக் கேட்டதும் உன் மனம் மாறியதற்குக் காரணம் நீ உன் பிள்ளையை எவ்வளவு நேசிக்கிறாய் என்று அந்தக் கணத்தில் உனக்குத் தெரிந்ததுதான் என்கிறாள் கேரி. அந்த அழைப்பைச் செய்யச் சொல்லி டேனாவிடம் வாசலில் நின்று மன்றாடியதே கேரிதான். அதற்காகத்தான் போலீஸ் அவளைப் பிடித்துப்போனது, கடைசியில் மூளைக்கு மின்சாரம் பாய்ச்சிக்கொள்ளும் சிகிச்சைவரை போனாள். இவ்வளவும் அந்த மேசைக்கு அடியில் கிடக்கிறது. நான்தான் உன்னைக் காப்பாற்றினேன் என்று அவள் அதை வைத்து அவனைக் கடன்காரனாக்கவில்லை. மகளுக்கே முழுப் பெருமையையும் கொடுத்துவிடுகிறாள்.

புதிதாய்ப் பார்ப்பவர்:

நான் இந்தத் தொடரை இப்போதுதான் பார்க்கிறேன். எச்சரிக்கையைப் பார்த்தும் உள்ளே வந்துவிட்டேன், பரவாயில்லை. இரண்டாம் சீசன் எட்டாவது எபிசோடில் இருக்கிறேன்.

ஒரு சந்தேகம். அதே எபிசோடில் டேனாவும் துணை ஜனாதிபதியின் மகன் ஃபின்னும் காரில் பாதுகாப்பு ஆட்களிடமிருந்து தப்பித்துப் போய் ஒரு பெண்ணை இடித்துவிட்டு நிற்காமல் ஓடுவது வருகிறதே. விசாரணை அறையிலிருந்து அங்கே வெட்டிப் போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வந்தது. அது எதற்கு?

பழைய ரேடியோ:

உங்களுக்கு மட்டுமில்லை, பலருக்கும் அந்த எரிச்சல் உண்டு. நான் அந்தக் கிளைக்கதையை ஆதரிக்கப்போவதில்லை, நீளமாக இழுத்துவிட்டார்கள். ஆனால் இந்த ஒரு எபிசோடில் மட்டும் அது தேவை என்று நினைக்கிறேன். அப்பா ஒரு அறையில் தன் பொய்களை ஒவ்வொன்றாகக் கீழே வைக்கிற அதே இரவில், மகள் தன் முதல் பெரிய பொய்யைத் தூக்கிக்கொள்கிறாள். எந்த மகளின் பெயரைச் சொல்லிக் கேரி அவனை மீட்கிறாளோ அதே மகள். (ஃபின்னாக நடித்த பையன் டிமதி ஷாலமே. இப்போது பார்க்கிறவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்கும்.)

மூன்றாம் கண்:

பழைய ரேடியோ, அந்த இணைப்பு எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

எழுதியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹென்றி ப்ரோமெல். அவருடைய அப்பா சிஐஏ அதிகாரி. பொய் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் வீட்டில் வளர்ந்த பையன் எழுதிய எபிசோட் இது. அதற்கு முன் அவர் ‘ஹோமிசைட்: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்’ தொடரில் எழுத்தாளராகவும் தயாரிப்பாளராகவும் இருந்தார். பால்டிமோர் துப்பறிவாளர்கள் சந்தேக நபரைச் சின்ன அறையில் உட்காரவைத்துப் பேசிப் பேசியே உடைக்கிற தொடர். அதில் 1993இல் வந்த ‘த்ரீ மென் அண்ட் அடீனா’ எபிசோட் ஏறக்குறைய முழுவதும் ஒரே விசாரணை அறைதான். அதை எழுதியவர் டாம் ஃபோன்டானா, ப்ரோமெல் இல்லை. ஆனால் ‘பெட்டி’ என்று அவர்கள் அழைத்த அந்த அறையின் பாடம் இங்கே தெரிகிறது.

ப்ரோமெல் 2013 மார்ச்சில் மாரடைப்பில் இறந்துபோனார். அதே வருடம் செப்டம்பரில் இந்த எபிசோடுக்குச் சிறந்த எழுத்துக்கான எம்மி விருது. அவர் மனைவி மேடை ஏறி வாங்கினார். இயக்கிய லெஸ்லி லிங்கா கிளாட்டரும் இதற்காகவே பரிந்துரைக்கப்பட்டிருந்தார்.

கத்தியைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்த அறைக்குள் நடப்பதை எழுத எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன்.

கடைசி பெஞ்ச்:

அப்பா சிஐஏ என்ற விஷயம் நிறைய விளக்குகிறது. கேரியும் பிராடியும் ஒரே நோய் உள்ளவர்கள் மாதிரி எழுதப்பட்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பொய் சொல்லிச் சொல்லித் தாங்கள் யார் என்பதே தேய்ந்துபோனவர்கள்.

பிராடியாக நடித்த டேமியன் லூயிஸைப் பற்றி யாரும் பேசவில்லையே? காட்சியின் பெரும்பகுதியில் அவர் எதுவும் பேசுவதில்லை. கேரியின் வார்த்தைகள் ஒவ்வொன்றும் அவர் முகத்தில் எங்கே போய்ப் படுகின்றன என்பதுதான் காட்சியே. கடைசியில் நசீருக்காக வேலை செய்யும் பத்திரிகையாளர் ரோயா ஹம்மாதின் பெயர் வெளியே வரும்போது அது ஒரு துப்பு மாதிரி இல்லை, மூச்சை விட்டது மாதிரி இருக்கிறது.

இரவுப்பறவை:

இந்தப் பேச்சுக்குப் பிறகு நேற்று முதல் சீசனின் 7ஆவது எபிசோடைப் போட்டேன், ‘தி வீக்எண்ட்’. அதுவும் 12இல் 7, அதாவது சீசனின் நடுப்பகுதி. என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இவர்கள் இதை இரண்டாவது தடவையாகத்தான் செய்திருக்கிறார்கள்.

ஏரிக்கரை வீட்டில் கேரியும் பிராடியும். அவன் குடிக்கும் டீ யார்க்ஷயர் கோல்ட் என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட, தன்னைக் கண்காணித்திருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. அப்புறம் அவள் கேட்கிறாள், அவன் பதில் சொல்கிறான். ஆமாம், நசீரைச் சந்தித்தேன். ஆமாம், வீட்டின் கார் ஷெட்டில் தொழுகிறேன். அங்கேயும் ஒரு சீசன் நடுவில் எல்லாம் கொட்டப்பட்டது. ஆனால் அன்று அவன் உண்மைகளை வரிசையாகக் கொடுத்து அதற்கு நடுவே பெரிய பொய்யை ஒளித்துவைத்தான். கேரி நம்பினாள், நாமும் ஏறக்குறைய நம்பினோம்.

அந்த ஏரிக்கரை வீட்டில்தான் அவன் தூக்கத்தில் ஈசா என்று அலறுகிறான். அந்தப் பெயர் அவளுக்கு எப்போது ஞாபகம் வருகிறது? முதல் சீசனின் கடைசி நிமிடத்தில், மின்சிகிச்சைக்காக மயக்க மருந்து ஏறும்போது. யாரிடமும் சொல்ல முடியாமல் நினைவு போய்விடுகிறது.

பழைய ரேடியோ, நீங்கள் சொன்னது என் மனதில் நிற்கிறது: உடைத்த பிறகு என்ன வைத்திருக்கிறோம் என்று யோசித்தார்களா என்று. ‘தி வீக்எண்ட்’டுக்குப் பிறகு கையில் ஈசா இருந்தான். ‘கியூ அண்ட் ஏ’க்குப் பிறகு அப்படி ஒரு விதை இல்லை. உங்கள் குறையை நான் இப்போது ஏற்கிறேன். எபிசோடைப் பற்றி மட்டும் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன்.

பழைய ரேடியோ:

நான் கேட்டதும் அவ்வளவுதான். ஈசாவை நான் இந்தக் கோணத்தில் கோத்துப் பார்த்ததே இல்லை. இன்று இரவு முதல் சீசன் 7, 12, அப்புறம் இரண்டாம் சீசன் 5, மூன்றையும் அதே வரிசையில் பார்க்கப்போகிறேன்.

புதிதாய்ப் பார்ப்பவர்:

நான் எட்டிலிருந்து மேலே போகாமல் நிறுத்திவைத்திருக்கிறேன். பழைய ரேடியோ பார்க்கும் அந்த மூன்றையும் நானும் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். ‘தி வீக்எண்ட்’டில் அவன் தூக்கத்தில் என்ன பெயர் சொன்னான் என்று அன்று நான் கவனிக்கவே இல்லை.